உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள வண்டி

ஜூன் 16, திங்கள்

இது போன வருஷத்து அறிவியல் நோட்டு. பின்னால் நாற்பது பக்கம் காலியாக இருக்கிறது. யாராவது எடுத்துப் பிரித்தால் முதலில் தவளையின் செரிமான மண்டலம்தான் வரும். அதற்கு மேல் யாரும் புரட்ட மாட்டார்கள்.

என் பெயர் சுபிக்ஷா. ஒன்பதாம் வகுப்பு. பதினொரு நாளாக நானும் அம்மாவும் ஒரு கேரவன் வண்டிக்குள் தூங்குகிறோம். வண்டி எங்களுடையது இல்லை. கரூர் பைபாஸில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அம்மா வயரிங் வேலை செய்கிறாள். உள்ளே இருக்கும் அலங்கார விளக்குகளை எல்லாம் மாற்றுவதற்காக இந்த வண்டி அங்கே வந்து நிற்கிறது. கட்டில், சோபா, பாத்திரம் கழுவும் தொட்டி, டி.வி. எல்லாம் இருக்கிறது. தாராபுரத்தில் எங்கள் வீட்டில்கூட இத்தனை இல்லை.

இரவு எட்டு மணிக்கு எல்லோரும் போன பிறகு வாட்ச்மேன் ஆரோக்கியம் அண்ணன் பக்கக் கதவைத் திறந்துவிடுவார். காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிட வேண்டும். அம்மா டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் நேரத்தைக் கடத்திவிட்டு, ஒன்பது மணிக்கு எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்தவள் போல முன்வாசல் வழியாக வேலைக்கு வருவாள். முதலாளி குப்புராஜ் சாருக்கு எதுவும் தெரியாது. நாங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் வலது மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. கதவில் இடித்துக்கொண்டதாக எல்லோரிடமும் சொல்கிறாள். அன்றைக்கு நானும் அந்த அறையில்தான் இருந்தேன். இடித்தது கதவு இல்லை. நல்லவேளையாக அம்மா இடது கைக்காரி.

இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது டி.வி. இல்லை. கதவில் உள்பக்கம் இருக்கும் தாழ்ப்பாள். எங்கள் வீட்டில் அறைக்குத் தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான்.

ஜூன் 17, செவ்வாய்

விளக்கு போடக் கூடாது என்பது முதல் விதி. ஜன்னல் வழியாக வெளிச்சம் ரோட்டுக்குத் தெரியும். ஆனால் குளியலறைப் படிக்கட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு நீல விளக்கு இருக்கிறது. அதன் முன்னால் படுத்துக்கொண்டால் ஒரு வரி எழுதும் அளவுக்குத் தெரியும். எழுத எழுத நோட்டை மேலே தள்ள வேண்டும். அம்மா தூங்கிவிட்டாள் என்று மூச்சுச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறேன்.

இன்று ஒன்று தெரிந்துகொண்டேன். இந்த வண்டியின் கூரையில் நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள். பழைய கூரையில் இருந்தது ஊதா நிறத்தில் மின்னுமாம். வண்டிக்காரர் தினகரன், "குடும்பத்தோட கொடைக்கானல் போறவங்க படுக்கற வண்டிங்க, ரெக்கார்ட் டான்ஸ் மேடையாட்டம் இருந்தா எப்படி?" என்று கேட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார். இப்போது அம்மா வெள்ளை நட்சத்திரம் போட்டிருக்கிறாள்.

முந்நூறு நட்சத்திரம் என்றால் முந்நூறு பல்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பல்பு ஒன்றுதான். சமையல் அலமாரிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அதிலிருந்து தலைமுடி போல முந்நூறு இழைகள் கூரைக்குப் போகின்றன. ஒவ்வொரு இழையின் நுனியும் ஒரு நட்சத்திரம்.

"அப்ப அந்த ஒரு பல்பு போச்சுன்னா?"

"வானமே போச்சு" என்றாள் அம்மா. "தூங்கு கண்ணு."

நான் அவை எரிந்து பார்த்ததே இல்லை. இருட்டில் கூரையைத் தடவினால் விரலுக்குச் சின்னச் சின்னப் புள்ளியாகத் தட்டுப்படுகின்றன. இருநூற்றுப் பத்து வரை எண்ணினேன்.

ஜூன் 18, புதன்

வண்டி சனிக்கிழமை போகிறது.

அம்மாவே சொன்னாள். எங்கே போவோம் என்று கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றாள். தாராபுரத்தில் இருந்து கிளம்பிய அன்று பஸ்ஸிலும் அதையேதான் சொன்னாள். இப்போது பட்டறையில் மற்றவை எல்லாம் கூடு மட்டும் கட்டிய பஸ்கள். ஜன்னல்கூட வைக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

அம்மா தினமும் எட்டரைக்குக் குழாயடிக்குக் குளிக்கப் போவாள். பதினைந்து நிமிடம் ஆகும்.

அந்த நேரத்தில் சமையல் அலமாரிப் பலகையைத் திறந்து பார்த்தேன். பார்க்கத்தான். நான்கு திருகாணிகள். அம்மாவின் டெஸ்டரால் திறந்தேன். உள்ளே அந்தக் கறுப்புப் பெட்டி. அதற்கு வரும் சிவப்பு வயரில் ஒரு ஜாயிண்ட், மேலே கறுப்பு டேப். வண்டிக்காரர் வந்து நிறம் பிடித்திருக்கிறது என்று சொல்லும்வரை எந்த ஜாயிண்டையும் ஈயம் உருக்கிப் பற்றவைக்கக் கூடாது என்பது இந்தப் பட்டறைப் பழக்கம். "வேண்டாம்" என்று அவர் மனம் மாறினால் பற்றவைத்ததைப் பிய்ப்பது பெரிய வேலை. அதுவரை முறுக்கி டேப் சுற்றி வைத்திருப்பார்கள். கையாலேயே பிரித்துவிடலாம்.

அம்மா வருவதற்குள் மூடிவிட்டேன்.

டேப்பின் பசை விரலைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை சோப்பு போட்டுவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று சோதனைக்குப் போட்டபோது நட்சத்திரம் எரியவில்லையாம். ஆச்சரியம்.

முதலாளி சத்தம் போட்டிருக்கிறார். தினகரனுக்குப் போன் செய்து புதன்கிழமை வரச் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகுதான் அம்மா பலகையைத் திறந்து பார்த்து, ஜாயிண்ட் விட்டுப்போயிருந்ததைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தயிர்சாதத்தில் என் பக்கம் ஊறுகாயைத் தள்ளி வைத்தாள்.

புதன்கிழமைக்கு இன்னும் ஐந்து இரவு இருக்கிறது.

ஜூன் 21, சனி

கிளை நூலகத்துக்கு எதிரே அப்பாவுடையது போலவே நீல மொபெட் ஒன்று நின்றது. அரை மணி நேரம் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்றேன். கடைசியில் அது பூக்காரருடைய வண்டி.

ஜூன் 23, திங்கள்

பள்ளிக்கூடத்தில் மறுபடியும் டி.சி. கேட்டார்கள். பழைய பள்ளியில் வாங்கப் போனால் நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

நட்சத்திரம் இன்றும் எரியவில்லை. நேற்று இரவு அம்மா குளிக்கப் போனபோது நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அதே நான்கு திருகாணிகள்தான்.

ஆரோக்கியம் அண்ணன் எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டார். "பீச்சாங்கையில வயரிங் பண்ணுனா இப்படித்தான் ஆவும்னாரு மொதலாளி. 'நாமக்கல்லுல இருந்து வேற ஆளக் கூட்டியாரட்டுமா பூங்கோத'ன்னு கேட்டாரு. உங்கம்மா குனிஞ்சு பலகையக் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

அந்த ஒரு தகவல் மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. வேற ஆள் வந்தால் அம்மாவுக்கு வேலை போய்விடும். வேலை போனால் வண்டி இருந்தும் பயனில்லை. இதை நான் ஏன் முன்பே யோசிக்கவில்லை?

இனிமேல் அந்தப் பலகையைத் தொட மாட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

ஆனால் இன்று கட்டிலுக்கு அடியில் ஓடும் மஞ்சள் பட்டை விளக்கு எரியவில்லை. அதோடு சேர்ந்த கூரை ஓர விளக்குகளும் போய்விட்டன. இரண்டுக்கும் ஒரே ஜாயிண்ட், கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குள். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. எங்கே திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

புதன்கிழமை என்றிருந்தது சனிக்கிழமைக்குத் தள்ளிப் போய்விட்டது.

நான் செய்யவில்லை என்றால் யார்? இந்த வண்டிக்குள் வேறு யாரோ வந்து போகிறார்கள். எங்களுக்கு இங்கே வேலை இல்லாமல் செய்ய வேண்டும் என்று நினைப்பவர் ஒருவர்தான் இருக்கிறார். தாழ்ப்பாளை மூன்று முறை எழுந்து பார்த்துவிட்டேன். போட்டுத்தான் இருக்கிறது. ஆனால் பகலில் இந்தக் கதவு திறந்தேதானே கிடக்கிறது?

ஜூன் 25, புதன்

பயமாக இருந்தாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எட்டரைக்கு அம்மா குழாயடிக்குப் போனதும் கட்டில் மெத்தையைத் தூக்கினேன். தலைமாட்டுப் பலகைக்குத் திருகாணி இல்லை, வெறும் கொக்கி. பென்சில் டார்ச் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஜாயிண்ட் இருந்தது. டேப்பும் புதிதாகவே இருந்தது. பிரித்தால், உள்ளே இரண்டு வயர்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் நகத்தளவு டேப் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. எலி கடித்தால் இப்படி ஆகாது. ஆட்டத்தில் விட்டுப்போனாலும் இப்படி ஆகாது. பொறுமையாக, சுத்தமாக, வேலை தெரிந்த கை செய்தது இது. அப்பாவுக்கு ஒரு பிளக்கைக்கூட மாட்டத் தெரியாது.

டேப்பை மறுபடி சுற்றப் போனபோது இன்னொன்று கவனித்தேன். அது சுற்றியிருந்த திசை தலைகீழாக இருந்தது. நான் சுற்றினால் டேப் வலது பக்கமாக ஏறுகிறது. நான்கு முறை சுற்றிப் பார்த்தேன், நான்கு முறையும் அப்படித்தான். இது எதிர்ப்பக்கமாக ஏறியிருந்தது. பிறகு டேப்பை இடது கைக்கு மாற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

அப்போது சரியாக வந்தது.

ஜூன் 26, வியாழன்

இரவு அம்மா எனக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தாள். கத்தி இடது கையில்.

"என்ன கண்ணு, கையவே பாக்கற?"

"ஒண்ணுமில்லம்மா."

"உப்புப் போடட்டுமா?"

"ம்."

எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவளும் என்னைக் கேட்பாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தினகரன் வருகிறார். அன்றைக்கும் விளக்கு எரியாவிட்டால் அம்மா கணக்கை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். இதையும் ஆரோக்கியம் அண்ணன்தான் சொன்னார். அம்மா, "பாத்துக்கலாம்" என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அம்மா குளிக்கப் போனபோது கட்டிலடி ஜாயிண்டைச் சேர்த்துவிட்டேன். நடுவில் இருந்த டேப் துண்டை எடுத்துவிட்டு, இரண்டு வயரையும் முறுக்கி, மேலே சுற்றினேன். கொஞ்சம் தளர்வாக இருந்ததோ என்னவோ. குழாய் நிற்கும் சத்தம் கேட்டதும் அவசரமாக மூடினேன்.

நாளைக்கு எரியட்டும். வண்டி போகட்டும். அம்மாவுக்கு வேலை இருந்தால் போதும்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான் செய்ததற்கு எனக்குக் காரணம் தெரியும். அதே காரணமாக இருக்குமா?

ஜூன் 28, சனி

நிறைய நடந்துவிட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

பள்ளி விடுமுறை. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் போலப் பத்து மணிக்கு முன்வாசல் வழியாக உள்ளே போனேன். பகலில் அந்த வண்டியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சோபா பச்சை நிறம் என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது.

தினகரன் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு அம்மா ரிமோட்டை அழுத்தினாள். நட்சத்திரம் எரிந்தது. எல்லாம் ஒரே அளவில் இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. சிலது பெரிது, சிலது ஊசி நுனி. இத்தனை நாளாக அதற்கு அடியில்தான் படுத்திருக்கிறேன்.

"அட! இதுதானுங்க நான் கேட்டது" என்றார் தினகரன்.

"இதுக்கா ஒரு வாரமா அலைய உட்டே?" என்று முதலாளி அம்மாவைப் பார்த்துச் சொன்னார். குரலில் பழைய கோபம் இல்லை. "எல்லாத்தயும் ஒண்ணாப் போடு, பாக்கலாம்."

கட்டிலடி விளக்கு, கூரை ஓர விளக்கு, கண்ணாடியைச் சுற்றி இருந்த விளக்கு எல்லாம் எரிந்தன. அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. கட்டிலடி விளக்கு எரியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதை அவள் இனிமேல்தான் சேர்க்க இருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஐந்து நிமிடம் இருக்கும். பிளாஸ்டிக் கருகும் வாடை. பிறகு தலைமாட்டில் இருந்து நூல் மாதிரி புகை.

அம்மா பாய்ந்துபோய் ஃபியூஸைப் பிடுங்கினாள். இருட்டாகிவிட்டது. தினகரன் திரையைக் கிழிப்பது போல இழுத்துத் திறந்தார்.

"ஆளுங்க தூங்கற வண்டிங்க இது! கொழந்த குட்டியோட படுத்திருக்கறப்ப நடுரோட்டுல பத்திக்கிச்சுன்னா?"

முதலாளி அம்மாவிடம் திரும்பினார். "பீச்சாங்கை புத்தியக் காட்டிப்போட்டயே! என்ர பட்டறைப் பேரே போச்சு. பையை எடுத்துட்டுக் கெளம்பு அம்மிணி."

அம்மா பலகையைக் கழற்றி ஜாயிண்டை வெளியே எடுத்தாள். டேப் உருகிச் சுருங்கியிருந்தது. அது ஏறியிருந்த திசையை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு முதலாளியைப் பார்த்து, "ஆமாங்க. என்ர தப்புத்தானுங்க" என்றாள்.

அவள் பையை எடுக்கக் குனிந்தாள். நான் நடுவில் போய் நின்றேன்.

"இல்லீங்க சார். அது நான் சுத்துனது."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எங்கம்மா டேப்பை இந்தப் பக்கமாச் சுத்த மாட்டாங்க. வேற எதை வேணும்னாலும் பிரிச்சுப் பாருங்க. எல்லாம் அந்தப் பக்கமா ஏறும். இது மட்டும் இந்தப் பக்கமா ஏறும்."

முதலாளி நம்பவில்லை. அலமாரிப் பலகையைக் கழற்றச் சொல்லி, அங்கே இருந்த ஜாயிண்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கருகியதைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துப் புள்ள எப்ப இந்த வண்டிக்குள்ள வந்துச்சு?"

வெளியே யாரோ தகரம் அடிக்கும் சத்தம்.

"நாங்க இதுலதானுங்க தூங்கறோம்" என்றாள் அம்மா.

தினகரன் கட்டிலைப் பார்த்தார். "நெனச்சேன்! முன்ன ஒரு நாள் வேலையப் பாக்க வந்தப்பத் தலகாணிக்கு அடியில ஹேர்பின் கெடந்துச்சு" என்றார். பிறகு எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "நான் ஒரு டீ குடிச்சுட்டு வாறேனுங்க" என்று இறங்கிப் போனார்.

முதலாளி சோபாவில் உட்கார்ந்தார். "இரு இரு. வரிசையாச் சொல்லு. நட்சத்திரம் ரெண்டு தடவ போச்சே?"

"அது நான்தான் சார். வண்டி போயிட்டா எங்களுக்கு எடம் இல்ல. அதான்."

"கட்டலடி செவ்வாக்கெழம போச்சே, அது?"

"அது நானுங்க" என்றாள் அம்மா.

"ஆத்தாளும் மகளும் சேந்துட்டு..."

"சேரலீங்க. அவ பண்றது எனக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. டேப்பைப் பாத்தாலே தெரியாதுங்களா? வண்டி நிக்கோணும், ஆனா இனி அவ கை அதுல படக் கூடாதுன்னுதான் நான் பண்ணுனேன். திருட்டு வேலைன்னாலும் அது எம்மேல இருக்கட்டும்னு. இன்னைக்கு அவரு மொதல்ல நட்சத்திரத்தப் பாக்கட்டும், அதுக்குள்ள இதச் சேத்துப்புடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவ சேத்துப்போட்டா."

முதலாளி கருகிய வயரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"தூங்கறப்ப இது புகைஞ்சிருந்தா?" என்று என்னைக் கேட்டார். திட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, இதற்கு மேலே தலையை வைத்து, நாங்கள் இருவரும்.

நிமிர்ந்து நின்று, யாரிடமும் எதையும் கேட்காத என் அம்மா, கேட்டாள்.

"வண்டிய முடிச்சுக் குடுத்துட்டே போறேனுங்க. ஆனாப் போறதுக்கு எங்களுக்கு எடம் இல்லீங்க. ஊருக்குத் திரும்ப முடியாதுங்க. நீங்க ஒரு வழி சொல்லோணும்."

முதலாளி அவளுடைய வலது மணிக்கட்டைப் பார்த்தார். பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். இன்றைக்குத்தான் பார்த்தது போல இருந்தது.

"மொதல்ல வண்டிய முடி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று மாலை முழுக்க அம்மா ஒவ்வொரு ஜாயிண்டாகத் திறந்து பற்றவைத்தாள். கட்டிலடிக்குப் புது வயர் இழுத்தாள். அந்த இடம் வந்ததும் சூடான பற்றவைக்கும் இரும்பை என் கையில் கொடுத்துவிட்டு வயரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வெச்ச பழுது. நீயே மூடு."

ஈயம் வெள்ளியாக உருகி முறுக்குக்குள் இறங்கியது. எப்படித் தானாகவே இடுக்கைத் தேடிப் போகிறது என்று கேட்டேன். சூடு எங்கே இருக்கிறதோ அங்கே போகும் என்றாள். ஆறிய பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. இனி யார் கையாலும் வராது.

இன்று காலை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து வண்டியை அனுப்பினார்கள். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் எல்லா விளக்கையும் போட்டே வைத்திருந்தார்கள். முதலாளி தலைமாட்டுப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபடியே இருந்தார். நான் கூரையை எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்று மட்டும் எரியவில்லை, சமையல் அலமாரிக்கு மேலே. அம்மாவிடம் சொன்னேன். "கண்டுபுடிச்சுட்டயா?" என்றாள்.

வண்டி பைபாஸில் திரும்பி மறைந்த பிறகு முதலாளி மேலே கையைக் காட்டினார். "மாடியில ரெக்ஸின் ரோல் வெக்கற ரூமு இருக்குது. பாதிய ஒதுக்கிக்குங்க. நட்சத்திரம் கிட்சத்திரம் எல்லாம் கெடையாது." இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பி, "பள்ளிக்கூடத்துல என்னமோ பேப்பர் கேக்கறாங்கன்னு ஆரோக்கியம் சொன்னான். ஊருக்குப் போயி வாங்காம வேற வழி இருக்குதான்னு ஹெட்மாஸ்டர்கிட்டப் பேசிப் பாக்கறேன்" என்றார்.

அறையில் ரெக்ஸின் வாடை மூச்சை அடைக்கிறது. ஒரு சின்ன ஜன்னல். விளக்கு இல்லை, ஹோல்டர்கூட இல்லை. கதவில் தாழ்ப்பாள் வெளியே இருந்தது.

வயரிங் பெட்டியைத் திறந்த அம்மா முதலில் விளக்கை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வெளியே இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி, அதே திருகாணிகளால் உள்பக்கம் வைத்து முடுக்கினாள். மூன்று முறை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். பிறகுதான் மீந்துபோன மஞ்சள் பட்டை விளக்கை ஜன்னலுக்கு மேலே ஒட்டினாள்.

இப்போது அவள் தூங்கவில்லை. எதிரில் உட்கார்ந்து என் யூனிபார்முக்குப் பொத்தான் தைக்கிறாள், இடது கையால்.

"என்ன எழுதற?"

"தவளை" என்றேன்.

"வெளிச்சம் பத்துதா?"

பத்துகிறது. ஒரே நேரத்தில் ஒரு பக்கம் முழுவதும் தெரிகிறது.